யார் ஜெயிப்பாள்? சொல்லுங்கள் பார்க்கலாம்!

சகோதரிகளே, சென்ற இதழில் வடுமாங்காய்க்கு உப்புக் கணக்குச் சொன்னவள், இந்த இதழில் ஓட்டப் பந்தயம் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று மூக்கின்மேல் விரலை வைக்காதீர்கள். அதுவும் எங்கேயோ அமெரிக்காவில் காலேஜ் பெண்கள் ஓடுகிற ஓட்டம்! விஷயம் இருக்கிறது. கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

என் அண்ணன் மகள் அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் மேல்படிப்புப் படித்தவள். அவள் இருந்த ஊரின் பெயர் யூஜீன். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அந்த ஊருக்கு ஓட்டம் அப்படி. அங்கே ஹேவர்ட் ஃபீல்டு என்று பெரிய மைதானம். அந்த நாட்டுக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு ஒவ்வொரு ஜூன் மாதமும் தடகளப் போட்டி நடத்துகிறது. பல வருஷங்கள் அந்த மைதானத்தில்தான். "அத்தை, நீங்களும் எங்கள் விளையாட்டில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று அவள்தான் என்னை இழுத்துவிட்டாள்.

விளையாட்டு இதுதான். இறுதி ஓட்டத்துக்கு முதல் நாளே, முதலிடத்திலிருந்து எட்டாம் இடம் வரை யார் யார் வருவார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். அங்கே கல்லூரிகளுக்கு மதிப்பெண் கொடுக்கிற கணக்கும் எட்டு இடம் வரைதான்: 10, 8, 6, 5, 4, 3, 2, 1. அதே மதிப்பெண்ணை வைத்து நாங்களும் கூட்டிக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் தோற்றவருக்குத் தண்டனை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பாத்திரம் முழுவதும் தேய்ப்பது. அங்கே சனிக்கிழமை மாலை என்றால் இங்கே ஞாயிறு காலை. ஆகவே முடிவும் தெரிந்துவிடும், பாத்திரமும் தயாராக இருக்கும்! என்னவர் இதுவரை தேய்த்த பாத்திரங்களுக்குக் கணக்கில்லை. காரணம் சொல்கிறேன்.

நாங்கள் பார்ப்பது பெண்களுக்கான 1500 மீட்டர். மைதானத்தை மூணே முக்கால் சுற்றுச் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து ரேஷன் கடைக்குப் போகிற தூரம்தான். நான் பையைத் தூக்கிக்கொண்டு போனால் இருபது நிமிஷம். அந்தப் பெண்கள் நாலு நிமிஷம் எட்டு விநாடியில் முடித்துவிடுகிறார்கள். குக்கரில் இரண்டு விசில் வருவதற்குள் ஓட்டமே முடிந்துவிடுகிறது, போங்கள்!

ஆனால் அந்த நாலு நிமிஷத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒரு பெரிய சல்லடைச் சலிப்பு இருக்கிறது. கிழக்கில் 48 பேர், மேற்கில் 48 பேர் என்று ஆரம்பிக்கிறார்கள். இரண்டு பக்கமும் 48 பேர் 24 ஆகி, 24 பேர் 12 ஆகிறார்கள். இப்படித் தேறிய 24 பேர்தான் போட்டி நடக்கும் ஊருக்கு வருகிறார்கள். அங்கே வியாழக்கிழமை அரை இறுதி. அதில் பாதிப் பேர் உதிர்ந்துவிட, சனிக்கிழமை இறுதி ஓட்டத்தில் நிற்பவர்கள் 12 பேர். ஜெயிக்கிற பெண் இரண்டு மூன்று வாரத்துக்குள் நாலு தடவை ஓடியிருப்பாள். கல்யாண வீட்டில் நாலு வேளைப் பந்திக்கும் பரிமாறிவிட்டு, கடைசிப் பந்தியிலும் முகம் சுளிக்காமல் நிற்பவள் யார்? இந்தக் கேள்வியில்தான் பாதி ஜோசியம் அடங்கியிருக்கிறது.

என்னவர் செய்வது என்ன தெரியுமா? அந்த வருஷத்தில் யார் யார் எவ்வளவு வேகத்தில் ஓடினார்கள் என்ற பட்டியலைப் பார்ப்பார். மேலே இருக்கிற எட்டுப் பெயரை அப்படியே காப்பி அடிப்பார். பேங்க் உத்தியோகம் இல்லையா, பட்டியலில் இருப்பதுதான் அவருக்கு வேதம். "நாலு நிமிஷம் நாலு விநாடியில் ஓடினவள், நாலு நிமிஷம் எட்டு விநாடியில் ஓடினவளிடம் எப்படித் தோற்பாள்?" என்று என்னைக் கேட்பார்.

நன்றாகத் தோற்பாள்! 2021-லிருந்து 2025 வரை ஐந்து வருஷம் ஜெயித்த பெண்களின் நேரத்தைப் பாருங்கள். எல்லாமே 4 நிமிடம் 6 விநாடியிலிருந்து 4 நிமிடம் 10 விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. நம் தேசத்தில் 2024-ல் கே.எம். தீக்ஷா என்ற பெண் 4 நிமிடம் 4.78 விநாடியில் ஓடித் தேசிய சாதனை செய்தாரே, அந்த நேரம் இந்த ஐந்து இறுதி ஓட்டங்களில் ஜெயித்தவர்களின் நேரத்தைவிடக் குறைவு. அப்படியானால் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு ஓடத் தெரியவில்லையா? அதில்லை. வேக நேரம் போடுவதற்கென்றே ஏற்பாடு செய்கிற ஓட்டம் வேறு, பட்டத்துக்கு ஓடுகிற ஓட்டம் வேறு. முதல் வகையில், முன்னால் ஓடி வேகத்தைப் பிடித்துக் கொடுப்பதற்கென்றே ஒருத்தியை நிறுத்துவார்கள். மற்றவர்கள் அவள் பின்னாலேயே ஓடினால் போதும். பட்டத்துக்கு ஓடும்போது அப்படி யாரும் கிடையாது. முன்னால் போகிறவள் காற்றை எல்லாம் தன் நெஞ்சால் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருகிறவளுக்கு அவளே தட்டி மறைப்பு மாதிரி. ஆகவே யாருமே முன்னால் போகப் பிரியப்பட மாட்டார்கள்.

கூட்டுக் குடும்பத்தில் நாலு ஓரகத்திகள் இருக்கிற வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை எல்லோருக்கும் விழிப்பு வந்திருக்கும். ஆனால் யார் முதலில் எழுந்து அடுப்பு மூட்டுவது? ஒவ்வொருத்தியும் அடுத்தவள் புடவை சரசரப்புக் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள். 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தின் முதல் இரண்டு சுற்றும் பெரும்பாலும் இந்த மாதிரிதான். மாமியார் இருமினதும், அதாவது கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும், பாருங்கள் ஓட்டத்தை! அதுவரை எழுபது விநாடிக்கும் மேலே ஒரு சுற்றுச் சுற்றினவர்கள், கடைசிச் சுற்றை அறுபது விநாடி சுமாருக்கு இழுத்துவிடுவார்கள்.

ஆகையால் ஓட்டம் மெதுவாகத் தொடங்கும் என்று தோன்றினால், 800 மீட்டரில் கெட்டிக்காரியாக இருப்பவளுக்கு என் தாளில் இரண்டு இடம் மேலே. கடைசியில் பாய்ச்சல் அவளிடம்தான் இருக்கும். அதற்கு மாறாக 5000 மீட்டர் ஓடுகிற பெண்கள் இரண்டு பேர் அந்தப் பன்னிரண்டில் இருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தங்களுக்குக் கடைசிப் பாய்ச்சல் இல்லை என்று அவர்களுக்கே தெரியும். அதனால் முதலிலிருந்தே வேகத்தை ஏற்றி, மற்றவர்களின் காலைக் களைப்பாக்கிவிடப் பார்ப்பார்கள். ஒரே சனிக்கிழமையில் 1500 மீட்டரும் 5000 மீட்டரும் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறாளா என்றும் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்திலேயே அடுத்த ஓட்டத்துக்குப் பலத்தை மிச்சம் பிடிக்கிற எண்ணம் மனசின் ஓரத்தில் இருக்கும். இரண்டு அடுப்பில் இரண்டு பாகு வைத்தவள் நிலைமைதான்.

இன்னொரு கணக்கு. இதை என் பிள்ளை பேப்பரில் போட்டுக் காட்டினான். மைதானத்தின் ஒவ்வொரு பாதையும் ஏறக்குறைய 1.22 மீட்டர் அகலம். உள்பாதையில் ஓடாமல் இரண்டாவது பாதையிலேயே ஒரு சுற்று முழுவதும் ஓடினால் ஏழரை மீட்டர் அதிகம் ஓட வேண்டியிருக்கிறது. இந்தப் பெண்களின் வேகத்துக்கு அது ஒரு விநாடிக்கும் மேலே. 2019-ல் பெண்கள் ஓட்டத்தில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இருந்த வித்தியாசம் அரை விநாடி கூட இல்லை. அதே வருஷம் ஆண்கள் 1500 மீட்டரில் நோட்ரடேம் பல்கலைக்கழகத்து யாரெட் நுகூஸேக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் நூறில் ஒரு பங்கு வரை அளந்தும் ஒரே நேரம். ஆயிரத்தில் ஒரு பங்காகப் பிரித்துப் பார்த்துத்தான் ஜெயித்தவர் யாரென்று சொன்னார்கள். எங்கே ஓடுகிறாள் என்று பார்க்காமல் எவ்வளவு வேகமாக ஓடுகிறாள் என்று மட்டும் பார்த்தால் ஜோசியம் பலிக்குமா? உள்பாதையை ஒட்டி ஓடினால் தூரம் மிச்சம், ஆனால் முன்னாலும் பக்கத்திலும் ஆள் அடைத்துக்கொண்டால் பெட்டிக்குள் மாட்டின எலிதான். அதனால் அரை இறுதியை நான் விட மாட்டேன். யார் ஜெயித்தாள் என்று அதில் பார்ப்பதில்லை. நெருக்கத்தில் மாட்டிக்கொண்டால் பதறுகிறாளா, நிதானமாக வெளியே வருகிறாளா என்று பார்ப்பேன். கடைசி ஐம்பது மீட்டரில் பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்து, நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்து தகுதி பெறுகிறவளை வட்டம் போட்டு வைத்துக்கொள்வேன். அவளிடம் சாமான் இருக்கிறது.

அந்த 2019 ஓட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் நடந்தது. முந்தின வருஷம் ஜெயித்திருந்தவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஒரிகன் பல்கலைக்கழகத்தில் படித்த ஜெஸிகா ஹல். மறுபடியும் அவர்தான் என்று பலர் எழுதி வைத்தார்கள். ஆனால் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்து சின்க்ளேர் ஜான்ஸன் 4 நிமிடம் 5.98 விநாடியில் ஜெயித்துவிட்டார். ஹல் இரண்டாவது. சரி, இதோடு ஹல் கதை முடிந்ததா என்றால் இல்லை. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் அதே 1500 மீட்டரில் வெள்ளிப் பதக்கம் வாங்கினவர் அவர்தான்.

அதே பாரிஸில் ஆண்கள் ஓட்டத்திலும் ஒரு வேடிக்கை. நார்வேக்காரர் இங்கப்ரிட்ஸன், பிரிட்டனின் ஜாஷ் கெர் இருவருக்கும்தான் போட்டி என்று உலகமே பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் தங்கம் வாங்கினவர் அமெரிக்காவின் கோல் ஹாக்கர். கெர் வெள்ளி, நுகூஸே வெண்கலம், இங்கப்ரிட்ஸன் நாலாவது. இந்த மூன்று பதக்கக்காரர்களும் ஒரு காலத்தில் நான் சொல்கிற இதே கல்லூரிப் போட்டியில் 1500 மீட்டர் ஜெயித்தவர்கள்: கெர் 2017-ல், நுகூஸே 2019-ல், ஹாக்கர் 2021-ல். அந்த 2021 ஓட்டத்தில் நுகூஸேயை இரண்டாவதாகத் தள்ளித்தான் ஹாக்கர் ஜெயித்தார். யூஜீன் ஊரில் அன்றைக்குப் பார்த்தவர்களுக்குப் பாரிஸ் முடிவு அவ்வளவு ஆச்சரியமாக இருந்திருக்காது. ஆகவே, இது ஏதோ காலேஜ் பிள்ளைகள் விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள்.

"படிப்புக் கெட்டுவிடுமே" என்று சொல்கிற தாய்மார்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். மாயா ராம்ஸ்டன். நியூஸிலாந்துக்காக ஓடுகிறவர். 2023-லும் 2024-லும் அடுத்தடுத்து இந்தப் பட்டத்தை ஜெயித்தார். படித்தது எங்கே தெரியுமா? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில்!

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன், அம்மாவும் பெண்ணும் விஷயத்துக்கு.

2025-ல் ஜெயித்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஸோஃபி ஓ'ஸல்லிவன். வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவி. என் தாளில் முதல் வரியில் இருந்த பெயர் அது. "எதை வைத்து எழுதினாய்?" என்று என்னவர் கேட்டார். அதற்கு முந்தின வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் அந்தப் பெண் 4 நிமிடம் 0.23 விநாடியில் ஓடியிருந்தார். அவர் வாழ்நாளிலேயே அதுதான் மிக வேகமான ஓட்டம். உலகத்திலேயே பெரிய மேடையில், பயத்தில் கால் பின்னிக்கொள்ள வேண்டிய இடத்தில், தன்னுடைய மிகச் சிறந்த ஓட்டத்தை ஓடுகிறவளுக்குக் கல்லூரி இறுதி ஓட்டம் பூச்சாண்டி காட்டாது என்பது என் கட்சி. யூஜீனில் அவர் ஜெயித்த நேரம் 4 நிமிடம் 8 விநாடிக்குச் சற்றுக் குறைவு. பாரிஸில் ஓடினதைவிட ஏழு விநாடிக்கும் மேலே மெதுவாக ஓடிப் பட்டத்தை வாங்கினார். வேகம் வேறு, ஜெயிப்பது வேறு என்று நான் தொண்டை வறளச் சொல்வது இதைத்தான்.

ஸோஃபியின் அம்மா யார் தெரியுமோ? ஸோனியா ஓ'ஸல்லிவன். அவரும் அமெரிக்காவில் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1990-லும் 1991-லும் கல்லூரிகளுக்கான குறுக்கு நாட்டு ஓட்டத்தில் முதலாவது. 1995-ல் 5000 மீட்டரில் உலக சாம்பியன். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் வந்தபோது, தங்கம் இவருக்குத்தான் என்று உலகம் முழுக்க எழுதி வைத்துவிட்டார்கள். என்ன ஆயிற்று? வயிறு கெட்டுவிட்டது, அம்மா! இறுதி ஓட்டத்தில் பாதியிலேயே வெளியேற வேண்டியதாயிற்று. எந்தப் பட்டியலிலாவது வயிற்றுப்போக்கு என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்களா? 1999-ல் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு அடுத்த வருஷமே, 2000-ல் ஸிட்னியில், 5000 மீட்டர் வெள்ளி. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் வித்தியாசம் கால் விநாடி கூட இல்லை. கைக்குழந்தை வைத்திருக்கிற இளம் தாய்மார்கள் இதை இன்னொரு தரம் படித்துக்கொள்ளுங்கள். ஸோஃபி அதற்கு அப்புறம் பிறந்த இரண்டாவது பெண்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு ஜோடி இருக்கிறது. 2002-ல் பூஸான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினவர் மாதுரி சக்ஸேனா. அவர் மகள் ஹர்மிலன் பெய்ன்ஸ், 2023-ல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் அதே வெள்ளி வாங்கினார். 1500 மீட்டரிலும் இன்னொரு வெள்ளி. என் மாமியாரிடம் இதைச் சொன்னேன். "பாத்தியா, தாயைப் போல பிள்ளை" என்றார். "அப்படியானால் உங்கள் பேத்தி யாரைப் போல?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியவள் இல்லை.

பேத்தி என்றேனே, அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் மகள் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். அவளும் 1500 மீட்டர் ஓடுகிறாள். போன வருஷம் அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு ஜோசியம் சொன்னார். "நாலு கிலோ எடையைக் குறை. கல்லூரிகளுக்கு இடையே நடக்கிற போட்டியில் மூணாவது இடம் நிச்சயம்." என்ன, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இந்தக் கணக்கு? அவள் ஏற்கெனவே முருங்கைக்காய் மாதிரி இருப்பாள். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். "பசிக்கலைம்மா" என்பாள். காலையில் காப்பியோடு கிளம்பிவிடுவாள்.

மாதாந்திர மளிகைச் சாமான் லிஸ்ட் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. நாப்கின் பாக்கெட் பீரோவில் பிரிக்காமலே இருந்தது. அன்று ராத்திரியே அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு கேட்டேன். "மூணு மாசமா வரலைம்மா. நிறைய ஓடினா அப்படித்தான் ஆகும்னு எல்லாரும் சொல்றாங்க. தொல்லை விட்டுதுன்னு இருந்தேன்" என்றாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி இருப்பதையும் அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள். மறுநாள் காலை லேடி டாக்டரிடம் அழைத்துப்போனேன். ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து அடிமட்டம். கால் எலும்பில் மயிரிழை போல விரிசல். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உடம்பு செலவழிக்கிற அளவுக்கு வரவு இல்லை. வரவு இல்லாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்துகிற செலவு மாதவிலக்கு. அது நின்றால் எலும்புக்குக் காவல் போய்விடும்."

இது என் மகளுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. இந்தக் குறைபாட்டுக்கு 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே ஒரு பெயர் வைத்து, எச்சரிக்கையும் செய்திருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி அணிகளிலும் பெண்களை எடை போட்டு எடை போட்டு நோயாளி ஆக்கின கதைகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அதனால்தான் என் ஜோசியத் தாளில் திடீரென்று இளைத்துப்போய் வந்து நிற்கிறவளுக்கு நான் மேல் இடம் கொடுப்பதில்லை. ஒரு மாசம் வேண்டுமானால் பறப்பாள். ஜூன் மாதக் கடைசிச் சலிப்பு வரைக்கும் எலும்பு தாங்க வேண்டுமே? போன வருஷம் ஓடினவள், அதற்கு முந்தின வருஷமும் ஓடினவள், வருஷா வருஷம் முழங்கால் கட்டு இல்லாமல் கோட்டில் வந்து நிற்கிறவள், அவளுக்குத்தான் என் ஓட்டு.

ஓடுகிற பெண் வீட்டில் இருந்தால் நான் செய்வதைச் சொல்கிறேன். ஓடிவிட்டு வந்த அரை மணிக்குள் வயிற்றுக்கு ஏதாவது போய்விட வேண்டும். வாழைப்பழமும் பாலும், இல்லையென்றால் சத்துமாவுக் கஞ்சி, ஒரு முட்டை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், சுண்டல் எல்லாம் நல்லதுதான். ஆனால் செடியிலிருந்து வருகிற இரும்புச் சத்து உடம்பில் லேசில் ஒட்டாது. கூடவே எலுமிச்சை பிழிந்தோ, ஒரு நெல்லிக்காய் வைத்தோ கொடுத்தால் ஒட்டும். சாப்பாட்டோடு டீ, காப்பி மட்டும் கூடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல் இருக்கிறது, கவலையில்லை. இரும்பு மாத்திரையை மட்டும் பக்கத்து வீட்டு மாமி சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். ரத்தம் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும். மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால், "ஓடுகிற பெண்ணுக்கு அது சகஜம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

அந்தப் பயிற்சியாளரிடம் என்னவர் நேரிலேயே போய்ப் பேசினார். பட்டியல் பைத்தியமாக இருந்தாலும் அந்த விஷயத்தில் மனிதர் கெட்டி. "என் பெண்ணை இனிமேல் தராசில் நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தார். வேறு ஒரு அம்மாள் இப்போது பயிற்சி கொடுக்கிறார். கால் எலும்பு ஆற மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதற்குத் தூபம் போடுவது போல "பெண் பிள்ளைக்கு எதுக்கு ஓட்டம்? இதோட நிறுத்து" என்று ஒன்றுவிட்ட சொந்தங்கள் வேறு.

அந்தப் பேச்சுக்கு வயது நூறு ஆகப்போகிறது. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் முதல் தடவையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஜெயித்தார். ஓடி முடித்த பெண்கள் குவியல் குவியலாக மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகளில் கன்னாபின்னாவென்று எழுதினார்கள். அது பெரும்பாலும் இட்டுக்கட்டின கதை. ஓடி முடித்துவிட்டு மூச்சு வாங்கத் தரையில் உட்காருவதை மயக்கம் என்று எழுதினால்? அந்தக் கதையை வைத்துக்கொண்டு 1960 வரைக்கும் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு 800 மீட்டரே கிடையாது என்று எடுத்துவிட்டார்கள். 1500 மீட்டர் 1972-ல்தான் வந்தது. அமெரிக்காவில் இந்த என்.சி.ஏ.ஏ. போட்டி ஆண்களுக்கு வெகு காலமாக நடந்துகொண்டிருக்க, பெண்களுக்கு 1982-ல்தான் ஆரம்பித்தார்கள். பெண்ணால் முடியாது என்று யாரோ சொன்ன ஜோசியத்துக்கு ஒலிம்பிக்ஸில் மட்டும் முப்பத்திரண்டு வருஷம் காவு கொடுத்தாயிற்று. என் வீட்டில் ஒரு வருஷம்கூடக் கொடுப்பதாக இல்லை.

என் மகள் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டாள். இந்த வருஷப் போட்டிக்கு முதல் நாள், எங்கள் வழக்கப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். ஓடுகிறவர்கள் பெயரெல்லாம் எழுதி, தன் பெயரை ஏழாவது வரியில் எழுதியிருந்தாள். "ஏன்டி ஏழாவது?" என்றேன். "நான் இன்னும் முழுசாத் தேறலைம்மா. மெதுவா ஆரம்பிச்சா கடைசியில ரெண்டு பேரைப் பிடிப்பேன். வேகமா ஆரம்பிச்சா பிடிக்க முடியாது" என்றாள். அடேயப்பா, பட்டியலையும் பார்த்திருக்கிறாள், ஓட்டத்தின் போக்கையும் பார்த்திருக்கிறாள், தன் உடம்பையும் பார்த்திருக்கிறாள்! மெதுவாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆறாவதாக வந்தாள். தாளில் ஒரு வரி தப்பு என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

வருகிற ஜூன் மாதம் உங்கள் வீட்டிலும் முயன்று பாருங்கள். இன்டர்நெட்டில் ஓடுகிறவர்கள் பட்டியலும் அரை இறுதி முடிவும் கிடைக்கும், பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை இங்கே விடிந்ததும் அரை இறுதியைப் பார்த்துவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி படுக்கப் போகுமுன் எட்டு வரி எழுதி, மடித்து, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுங்கள். அப்புறம் மாற்றக் கூடாது. முதல் மூன்று வரிக்கு யார் வேண்டுமானாலும் பெயர் எழுதிவிடலாம். பாத்திரம் யார் தேய்ப்பது என்பதை ஆறு, ஏழு, எட்டுதான் தீர்மானிக்கும். என்னவர் அங்கேதான் வருஷா வருஷம் மாட்டிக்கொள்கிறார்.